பூசணி ஆன்டியின் நம்பர்

சந்திரகலாவிடம் கார் கிடையாது. லைசென்ஸ்கூடக் கிடையாது. அப்படிப்பட்டவளுக்குப் போன் போட்டு, "காரை எடு, வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்று ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் ஏசினால் அவள் என்னதான் செய்வாள்?

முதல் அழைப்பு வந்தபோது அவள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜபருல்லாவின் துணிக்கடையில் பாவாடைத் துணி அளந்துகொண்டிருந்தாள். தெரியாத நம்பர். எடுத்துக் காதில் வைத்தாள், பேசவில்லை. அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரர், காரைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். சட்டென்று கட் பண்ணினாள். அளந்த துணியை மறுபடி அளந்தாள். பிறகு வெட்டினாள், அதுவும் கோணல்.

ஒரு போனுக்கா இத்தனை பயம் என்று கேட்கிறவர்கள் சிவநேசனோடு கொஞ்ச நாள் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். அவர்கள் குடியிருந்த கிள்ளானில் அவனைப் பற்றிக் கேட்டால் தங்கமான பிள்ளை என்பார்கள். கோயில் கமிட்டியில் இருக்கிறான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். வீட்டுக் கதவைச் சாத்தினால் வேறு ஆள். அவன் கைக்கு அவள் முகமும் ஒன்று, சுவரும் ஒன்று. தாலி கட்டியவனாயிற்றே என்று பொறுத்தது போதும் என்று ஒருநாள் கட்டிய சேலையோடு கிளம்பிவிட்டாள்.

அப்படியும் விட்டானா? பூச்சோங்கில் ஒரு ரொட்டிக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் கடைக்குப் போன் வந்தது. "அக்கா, சந்திரகலா பேருக்கு ஒரு பார்சல் இருக்கு, கடை எந்த வரிசையில இருக்கு?" என்று தேன் ஒழுகும் குரல். எடுத்துப் பேசிய பெண் பாவம், வெள்ளந்தி, வழி சொல்லிவிட்டாள். மறுநாள் வாசலில் சிவநேசன் நின்றான். அன்றைக்கு முறிந்த மணிக்கட்டு, மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் புதிது. சுங்கை வேயில் புது அறை, பிரிக்பீல்ட்ஸில் புது வேலை, புது நம்பர். போலீஸ் புகார் கொடுத்தாகிவிட்டது, மணமுறிவு வழக்கும் நடக்கிறது. தாள் தாளாக எல்லாம் இருக்கிறது, ஆனால் தாள் வந்து வாசலில் காவல் நிற்குமா? அவன் கண்ணில் படாமல் இருப்பது ஒன்றுதான் அவளுக்குக் காவல்.

சரி, தெரியாத நம்பரை எடுக்காமல் விட்டால் என்ன? அதுவும் முடியாது. வக்கீல் அலுவலகத்திலிருந்து ஆளுக்கு ஒரு நம்பரில் கூப்பிடுவார்கள். ஒரு தேதியைத் தவறவிட்டால் வழக்கு இன்னும் இழுக்கும். ஆக, ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம்.

கார் அழைப்புகள் நிற்கவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வெள்ளிக்கிழமை என்றால் வரிசையாக. சீனர் ஒருவர் கத்துவார். லோரிக்காரர் ஒருவர் அவளுடைய பரம்பரையையே இழுப்பார். "ராங் நம்பர்" என்றால் யார் நம்புகிறார்கள்? "ராங் நம்பரா? காருக்குள்ள உன் நம்பர்தானே எழுதி வச்சிருக்க" என்று இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்து ஏசுவார்கள். கோலாலம்பூரில் இடமில்லாத இடத்தில் குறுக்கே காரை விடுகிறவர்கள், தேவைப்பட்டால் கூப்பிடட்டும் என்று கண்ணாடிக்குள் நம்பரை வைத்துவிட்டுப் போவது வழக்கம். யாரோ ஒரு புண்ணியவான் இவள் நம்பரை வைத்திருக்கிறான்.

அல்லது இதுவும் சிவநேசனின் வேலையா? காரை எடுக்க வா என்று கூப்பிட்டால் கீழே இறங்கி வருவாள் என்று பார்க்கிறானா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

அதைவிட மோசம், அவ்வப்போது வருகிற இன்னொரு அழைப்பு. ஏதோ ஒரு வீட்டு போனிலிருந்து வரும். எடுத்தால் பேச்சே இருக்காது. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். அந்த அழைப்பு வந்த நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது. கடை வாசலில் நிழலாடினால் திரும்பிப் பார்ப்பாள். மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடிப்பாள்.

"இப்படியே போனா நீ என் கடைச் சேலையெல்லாம் மடிச்சே கிழிச்சிருவ," என்றார் நூருன்னிசா. ஜபருல்லாவின் மனைவி, கடையின் உண்மையான முதலாளி அவர்தான் என்பது தெருவுக்கே தெரியும். சந்திரகலாவின் கதை முழுவதும் அவருக்கு மட்டும் தெரியும். "உன் நம்பர் யாரு பேர்ல காட்டுதுன்னு பார்ப்போம்" என்று தம் போனில் அதைப் போட்டுத் தேடினார். நம்பரைப் போட்டால் பெயர் காட்டுகிற செயலி ஒன்று அவரிடம் இருந்தது.

"பூசணி ஆன்டின்னு காட்டுது," என்றார். "உனக்கு முன்னாடி இந்த நம்பர வச்சிருந்தவங்களா இருக்கும். பேசாம நம்பர மாத்திடு லா."

"பேங்க், வக்கீல், கோர்ட்டு எல்லாத்துலயும் இதைத்தான் குடுத்திருக்கேன் அக்கா. மறுபடி மொதல்லேர்ந்து ஓடணும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. இந்த முறை ஒரு தமிழ்ப் பெண். பின்னால் குழந்தை வீறிடுவது கேட்டது. "அக்கா, பிள்ளைக்கு நெருப்பா காயுது. கிளினிக் போகணும். உங்க கார் குறுக்க நிக்குது, கொஞ்சம் சீக்கிரம் எடுங்க அக்கா."

ராங் நம்பர் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "எந்த இடம்?" என்று கேட்டாள். கோயிலுக்குப் பக்கத்துச் சந்து, மாடி வீடுகளுக்குப் பின்னால். கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

நூருன்னிசாவிடம் சொல்லிவிட்டு, துணி வெட்டும் கத்தரியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சந்து முனையில் ஒரு தூணோரம் நின்று எட்டிப் பார்த்தாள். பொய்யில்லை. தோளில் குழந்தையோடு ஒரு பெண் தவித்துக்கொண்டிருந்தாள். அவள் காருக்குக் குறுக்கே ஒரு பழைய வெள்ளை புரோட்டோன் கார். சிவநேசன் எங்கும் இல்லை.

சந்திரகலா மாடியைப் பார்த்து, "யாரோட காரு இது?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இத்தனை சத்தமாகக் கத்தி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரியவர் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். வெள்ளைப் பனியன், இடுப்பில் கட்டம் போட்ட சாரம், நெற்றியில் திருநீறு. குழந்தைக்காரியிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரை நகர்த்தினார். அவள் போனாள்.

காரைக் கிட்டத்தில் பார்த்தாள் சந்திரகலா. இரண்டு பக்கமும் சாவியால் இழுத்த கோடுகள். கோபக்காரர்கள் செய்த வேலை. முன்கண்ணாடிக்குள் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. உருண்டை உருண்டையான கையெழுத்தில், 'இடைஞ்சலுக்கு மன்னிக்கவும், கூப்பிட்டால் உடனே வருவோம், பூசணி ஆன்டி' என்று எழுதி, கீழே அவளுடைய நம்பர்.

"அங்கிள், இந்த நம்பர் யாரோடது?"

"என்ர மனிசின்ர," என்றார் பெரியவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு, மனைவியைச் சொல்கிறார். கந்தப்பு என்று பெயர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

"இப்ப இது என்கிட்ட இருக்கு அங்கிள். சிம் வாங்குனப்ப இதைத்தான் குடுத்தாங்க. நாள் முழுக்க உங்க காருக்குத்தான் போன் வருது. வாய்க்கு வந்தபடி ஏசுறாங்க. தயவுசெஞ்சு இதைக் கிழிச்சுப் போடுங்க."

கந்தப்பு அவள் கையிலிருந்த போனையே பார்த்தார். "உங்களிட்டையோ இருக்கு? அப்ப அந்த நம்பருக்கு அடிச்சா, எடுக்கிறது நீங்களோ?"

"நான்தான்."

அவர் முகம் ஏன் அப்படிக் கறுத்தது என்று அவளுக்குப் புரியவில்லை. "ஆன்டியை வேற நம்பர் எழுதித் தரச் சொல்லுங்களேன்," என்றாள்.

"அவவுக்கு ஏலாது, பிள்ளை."

பாவம், படுக்கையில் கிடக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டாள். கந்தப்பு காருக்குள் குனிந்து, அட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். ஒட்டுநாடா வெயிலில் இறுகிக் கிடந்தது. ஒரு முனை எழும்பியது. அவர் கை அதோடு நின்றுவிட்டது.

"உது அவவின்ர எழுத்து," என்றார், அவளைப் பார்க்காமல்.

நியாயமாக அவளே எட்டிக் கிழித்திருக்க வேண்டும். கத்தரிகூடக் கையில் இருந்தது. சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று. "விடுங்க அங்கிள், இருக்கட்டும். உங்க ஹேண்ட்போன் நம்பரக் குடுங்க. யாராச்சும் கூப்பிட்டா நான் உங்களுக்கு அடிச்சுச் சொல்றேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பது இதுதான். இருக்கிற போன் பயம் போதாதென்று ஊர் பயத்தையும் விலைக்கு வாங்கியாயிற்று. நூருன்னிசா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "நல்லாத்தான் செஞ்ச, போ" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு அது இன்னொரு வேலை. யாராவது கூப்பிடுவார்கள். "ரெண்டு நிமிஷம் பாஸ், அங்கிள் வந்துக்கிட்டே இருக்காரு" என்பாள். உடனே கந்தப்புவுக்கு அடிப்பாள். "அங்கிள், காரு." அவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "சரி பிள்ளை, இறங்கிறன்." மாடியில் குடியிருந்து, கீழே நின்று மனைவி போட்ட சத்தத்துக்கெல்லாம் அப்படியே பதில் சொல்லிப் பழகியவராம். காரில் புதுக் கோடு எதுவும் விழவில்லை என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னார். முகம் மழித்திருந்தார். சாரம் போய்ச் சட்டையும் காற்சட்டையும் வந்திருந்தன. கீழே இறங்குகிற சாக்கில் கூப்பிட்டவர்களோடு நின்று பேசவும் ஆரம்பித்திருந்தார். லோரிக்காரர் ஒருவர் இப்போது அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கிறாராம்.

ஆனால் ஒன்று. மனிதர் முன்னைவிட மோசமாகக் காரை விட ஆரம்பித்தார். காலியிடம் இருக்கும்போதே குறுக்கே விடுகிறார் என்று நூருன்னிசா சந்தேகப்பட்டார். "அந்தப் பெரியவருக்குப் போன் வரணும், அதுக்குத்தான்."

சந்திரகலாவுக்கும் ஏதோ மாறியிருந்தது. மணி அடித்தால் இன்னும் நெஞ்சு துள்ளியது. ஆனாலும் கை போய் எடுத்தது. கத்துகிறவனிடம் பதிலுக்குக் கத்தவும் வந்தது. இன்னோர் அதிசயம், அந்த மௌன அழைப்புகள் நின்றுவிட்டன. காரணம் தெரியவில்லை. சிவநேசன் ஓய்ந்துவிட்டான் என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். தைரியம் வந்தது. தைரியம் வந்தால் கூடவே கொஞ்சம் மடத்தனமும் வரும் போலிருக்கிறது.

கிள்ளானில் அவளுக்கு இருப்பது சீதாலெட்சுமி சின்னம்மா ஒருத்திதான். அம்மா இறந்த பிறகு வளர்த்தவள். ஆனால் சிவநேசன் வெற்றிலை வாங்கிக் கொடுத்தால் உருகிவிடுவாள், "மாப்பிள்ளை திருந்திட்டாரு" என்பாள். அவளிடம் நம்பர் கொடுக்கக்கூடாது என்று சந்திரகலாவுக்குத் தெரியும். தெரிந்தும், பொங்கலன்று மனம் கிடந்து அடித்துக்கொண்டதில், சின்னம்மாவுக்குப் போன் அடித்துவிட்டாள். பேசவில்லை. "யாரு? யாருப்பா அது?" என்ற குரலை மட்டும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கட் பண்ணினாள். பேசவில்லையே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை கந்தப்பு கடைக்கே வந்தார். மனைவிக்குச் சேலை வேண்டுமாம். சந்திரகலாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அடுக்கிலிருந்து இறக்கி இறக்கிப் போட்டாள்.

"ஆன்டி என்ன நிறம் அங்கிள்? பச்சை எடுக்குமா?"

"பச்சையெண்டா அவவுக்குப் பைத்தியம்," என்றார் அவர். ஒரு பச்சைச் சேலையின் கரையைத் தடவிக்கொண்டே நின்றார்.

அப்போது போன் அடித்தது. சந்திரகலா பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்தாள். 'ஹலோ' சொல்ல வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

"அக்கா, ஒரு பார்சல் வந்திருக்கு. கடை எங்க இருக்குன்னு சொல்றீங்களா?"

அதே தேன் குரல்.

அவள் கையிலிருந்து போன் மேசையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் எதில் பட்டதோ, அவன் குரல் ஸ்பீக்கரில் கடைக்கே கேட்டது. "ஹலோ? ஹலோ அக்கா?" அவள் பின்வாங்கிப் போய்ச் சேலை அடுக்கில் முட்டிக்கொண்டு நின்றாள். கட் பண்ணினால் அவள்தான் என்று உறுதியாகிவிடும். பேசினாலும் உறுதியாகிவிடும். நூருன்னிசா ஒன்றும் புரியாமல் அவளையும் போனையும் பார்த்தார். பிறகு புரிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கந்தப்புவுக்கு அவள் கதை எதுவும் தெரியாது. அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் தலையை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே இருந்தாள். பெரியவர் சேலையை வைத்துவிட்டுப் போனுக்குக் குனிந்தார்.

"ஹலோ. ஆர் பேசுறது?"

அந்தப் பக்கம் தடுமாறியது. "அங்கிள், இது யாரோட நம்பர்?"

"என்ர மனிசின்ர. கன வருஷமா அவவின்ர நம்பர்தான். காரிலையும் எழுதி ஒட்டியிருக்கு."

"பேரு?"

"குணபூசணி."

போனில் எதையோ தட்டிப் பார்க்கிறான் போலும். "ஆமா, இங்கயும் பூசணி ஆன்டின்னுதான் காட்டுது," என்றான். தேன் கொஞ்சம் குறைந்திருந்தது. "ஆனா இந்த நம்பர்லேர்ந்து கிள்ளான்ல எங்க சின்னம்மாவுக்குப் போன் வந்திருக்கு. பேசாம கட் பண்ணியிருக்காங்க. ஆன்டிகிட்ட குடுங்க அங்கிள். ஒரு வார்த்தை கேட்டுட்டு வச்சிடறேன்."

கந்தப்பு மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சந்திரகலாவுக்கு எல்லாம் முடிந்தது என்றே தோன்றியது. இனி எந்த ஊருக்கு ஓடுவது என்று மனம் அதற்குள் அலைய ஆரம்பித்துவிட்டது.

"குடுங்க அங்கிள்."

"அவ இல்லைத் தம்பி," என்றார் கந்தப்பு. "மோசம் போயிட்டா. செத்துப் போயிட்டா. வாற கிழமை ஆட்டத் திவசம், ஒரு வருஷமாகுது."

கந்தப்பு போனுக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

"உங்கட சின்னம்மாவுக்கு அடிச்சது நான்தான். வீட்டிலை தனிய இருக்க ஏலாமல், போனை எடுத்து அமத்திப் பாக்கிறனான். ஆராவது பெண் குரலிலை ஹலோ எண்டு சொல்லுவினமோ எண்டு. அது உங்கட ஆளுக்குப் போயிருக்கும். கிழவன் செய்த பிழை, மன்னிச்சுக்கொள்ளும்."

சிவநேசன் வெளியில் தங்கமான பிள்ளை அல்லவா, வெளியாள் முன்னால் அவனுக்கு மரியாதை தெரியும். "சாரி அங்கிள். வேற ஆளுன்னு நெனச்சேன். இனிமே கூப்பிட மாட்டேன்" என்றான். போன் வைக்கப்பட்டது.

சந்திரகலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நூருன்னிசா கதவருகே போய்த் தெருவைப் பார்ப்பதுபோல் முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். கந்தப்பு இன்னும் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பச்சைச் சேலை படையலுக்கு வைக்க வாங்க வந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏன் அங்கிள் எங்கிட்ட சொல்லல?"

"நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை, பிள்ளை. செத்த வீட்டிலைகூட மகன்தான் எல்லாருக்கும் சொன்னவன். இண்டைக்குத்தான் என்ர வாயாலை வந்தது." மேசையிலிருந்து கையை எடுத்தார். "அந்தத் தம்பிக்கு நான் சொன்னதிலை ஒண்டுதான் பொய். அவையின்ர சின்னம்மாவுக்கு நான் அடிக்கேல்லை. என்ர மனிசின்ர நம்பருக்குத்தான் அடிக்கிறனான். வீட்டு போனிலை இருந்து. கன நாளா எடுக்க ஆளில்லை எண்டு மிசின்தான் சொல்லும். பிறகு ஒருநாள் மணி போச்சுது. ஆரோ எடுத்தினம். எனக்குக் குரல் வரேல்லை, வச்சிட்டன். பிறகும் அடிச்சன். உங்களைக் காணுமட்டும்."

எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தாள், அந்த மூச்சுக்குப் பயந்து. கோபம் வரத்தான் வேண்டும். வரவில்லை. சின்னம்மாவின் "யாருப்பா அது" காதில் கேட்டது, கண்ணில் நீர் முட்டியது. எழுந்து, சேலையை மடித்து, நல்ல பையாகப் பார்த்து எடுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"இனிமேலும் அடிங்க அங்கிள்," என்றாள். "நான் எடுத்துப் பேசுறேன்."

அவர் தலையாட்டினார். பதில் சொல்ல வாயெடுத்தபோது போன் மறுபடி அடித்தது. மூன்று பேருமே துள்ளினார்கள். சந்திரகலா எடுத்தாள். "ஹலோ, சொல்லுங்க" என்று முழுக் குரலில் சொன்னாள். கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு பெரியவரை முறைத்தாள்.

"காரை எங்க விட்டீங்க?"

"உங்கட கடை வாசலிலைதான், பிள்ளை."

"வேன்காரரு கத்துறாரு. போய் எடுங்க அங்கிள்."

"சரி பிள்ளை, இறங்கிறன்," என்றார் கந்தப்பு. கடை தரையோடுதான் இருந்தது, இறங்குவதற்கு அங்கே படியே இல்லை.